டிராக்டர் சக்கரத்தில் நீர் நிரப்புதல்

டிராக்டரின் பின்சக்கர டயர்களுக்குள் நீரை நிரப்பி அதன் பாரத்தை அதிகப்படுத்தும் முறை குடியானவர்கள் பலரும் அறிந்ததே. புதிய டிராக்டர் வாங்கியவுடன், செய்யப்போகும் வேலை இன்னதென்று கருதாமலே நீரை நிரப்பிவிடுவோரும் உளர். டயருக்குக் கெடுதலென்று அஞ்சி ஒருபோதும் நிரப்பாதோரும் உளர். இவ்விரு வழக்கமும் சரியன்று. ஒரே டிராக்டருக்கு ஒரு பருவத்தில் நீர் அவசியமாகவும், மறு பருவத்தில் அதுவே ஹானியாகவும் இருக்கக்கூடும்.

ஆதியில் டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரங்களே இருந்தன. அவற்றின் பற்கள் மண்ணிற் குத்தி இறங்கிப் பிடித்தன. 1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் காற்றடைத்த ரப்பர் டயர் பூட்டிய டிராக்டர்களை விற்கலாயினர். பின்னர் அவ்வழக்கம் எங்கும் பரவிற்று. ரப்பர் டயர் மண்ணைப் பற்றும் வன்மை, பெரும்பாலும் அதன்மீது அழுத்தும் பாரத்தைப் பொறுத்தது. பாரம் போதாவிடில், எஞ்சினில் எத்தனை குதிரைச் சக்தி இருந்தபோதிலும் சக்கரம் வீணே சுழன்று மண்ணைத் தேய்க்கும். இதனைச் சறுக்கல் என்பர்.

40 முதல் 50 குதிரைச் சக்தியுள்ள டிராக்டர்கள் பலவற்றில் பூட்டப்படும் 13.6-28 அளவுள்ள டயரில் முக்காற் பாகம் நிரப்பினால் உத்தேசமாக 190 லிட்டர் நீர் கொள்ளும். இரண்டு டயர்களுக்குமாக 380 கிலோ பாரம் கூடுகிறது. சுமார் 2,000 கிலோ எடையுள்ள யந்திரத்திற்கு இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகும். ஐந்து ஆட்களை நாள் முழுவதும் ஏற்றிக்கொண்டு உழுவதற்கு ஒப்பானது. இதற்குச் செலவோ மிகச் சொற்பம். அச்சொற்பமே பலரை ஆலோசியாமற் செய்யத் தூண்டுகிறது.

ஆகையால், முதலிற் செய்யத்தக்கது சறுக்கலை அளந்து பார்த்தலேயாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. பின்சக்கர டயரின் பக்கத்தில் சுண்ணாம்பினால் ஓர் அடையாளம் இடுக. உழவேண்டிய அதே வயலில், கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்து முறை சுழலும்வரை ஓட்டிச் சென்ற தூரத்தை அளந்துகொள்க. பின்னர், அதே கியரில், கலப்பையை வழக்கமான ஆழத்திற்கு இறக்கி உழுதுகொண்டே பத்துச் சுற்றுக்குரிய தூரத்தை அளக்க. முதலில் 40 மீட்டரும், உழும்பொழுது 34 மீட்டரும் ஆயின், குறைந்தது 6 மீட்டர். அதாவது நூற்றுக்கு 15 பங்கு சறுக்கல். நூற்றுக்கு 8 முதல் 15 வரை சறுக்கல் இருத்தல் நல்லது. அதற்கு மிகுந்தால் டீசலும் டயரும் வீணாகும். அதற்குக் குறைந்தால் பாரம் தேவைக்கு மேற்பட்டதென்று பொருள். கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கும்பொழுது சக்கரம் சறுக்கி இளகாமல், அதிர்ச்சி முழுவதும் கிளச்சிலும் கியரிலும் சென்று தாக்கும். அளக்க அவகாசமில்லாதவர்கள் சக்கரத் தடத்தைக் கவனிக்கலாம். டயர்ப் பற்களின் அச்சு முற்றிலும் அழிந்து மண் உதிர்ந்து கிடந்தால் பாரம் போதாது. அச்சு வார்ப்பெடுத்தாற்போல் தெளிவாயிருந்தால் பாரம் மிகுதி. நடுவிற் சிறிது குலைந்து ஓரத்தில் விளங்கினால் சரியானது.

டிராக்டரை மணிக் கணக்கில் வாடகைக்கு அமர்த்துவோர் இதனை அவசியம் அறிதல் வேண்டும். மேற்படி சோதனையில் 40 மீட்டருக்கு 30 மீட்டரே ஓடியதாயின், கட்டிய வாடகையில் ஒவ்வொரு மணிக்கும் 15 நிமிஷம் சறுக்கலுக்கே போயிற்று. வாடகைக்கு டிராக்டர் விடும் கூட்டுறவுச் சங்கத்தாரும், அதனை மேற்பார்க்கும் கிராம அதிகாரிகளும் பருவத் தொடக்கத்தில் ஒருமுறை அளந்து குறித்து வைத்தல் உசிதம்.

சறுக்கல் மிகுந்தது கண்டவுடன் நீரைத் தேடவும் வேண்டாம். டயரின் பற்கள் தேய்ந்திருக்கலாம். ரோட்டில் ஓட்டுதற்கு வைத்த காற்றைக் குறைக்காமல் வயலில் இறக்கியிருக்கலாம். நிலம் இன்னும் பதத்திற்கு வராதிருக்கலாம். இவற்றைச் சரிசெய்த பின்னும் சறுக்கல் குறையாவிடின் நீர் நிரப்புதல் தகும். விருதுநகர், தூத்துக்குடி ஜில்லாக்களின் கரிசற் பூமியில் சட்டிக் கலப்பையாலோ இறக்கைக் கலப்பையாலோ ஆழமாகக் கோடையுழவு செய்வதற்கு இஃது ஏற்றது. காய்ந்த மண் பாரத்தைத் தாங்கும். உள்ளே நசுங்குவது சொற்பம்.

காவிரிப் பாசன வயல்களின் நிலை வேறு. கேஜ் வீல் பூட்டித் தொளி அடிக்கும்பொழுது டிராக்டரைத் தாங்குவது சேற்றின்கீழ் உள்ள இறுகிய தட்டேயாகும். நீர் நிறைந்த சக்கரம் அத்தட்டை அழுத்திப் பிளந்து இறங்குமாயின் யந்திரம் புதைவதுமன்றி, நீர் தேங்கி நிற்றற்குரிய அடித்தளமும் சிதையும். புதையாத இடத்திலோ மண் மேலும் ஆழமாக இறுகும். மேல்மண்ணின் இறுக்கம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. ஆழத்தின் இறுக்கமோ அச்சின்மேல் உள்ள மொத்தப் பாரத்தைப் பொறுத்தது. காற்றைக் குறைத்து இதனைத் தவிர்க்க இயலாது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாட்களுக்கு முன்னர், நிற்கும் பயிரிலேயே உளுந்தும் பயறும் விதைக்கும் வழக்கம் டெல்டாவில் உண்டு. உழாத அந்நிலத்தில் எஞ்சிய ஈரத்தைத் தேடிக் கீழிறங்கும் வேருக்கு அவ்விறுக்கம் பெருந்தடை. ஒருமுறை ஆழத்தில் இறுகிய மண்ணைச் சாதாரணக் கலப்பை எட்டாது. உளிக் கலப்பை கொண்டே தளர்த்த வேண்டும். நீர் நிரப்பியதில் மிச்சமான காசு அதற்கு ஈடாகாது.

ரோட்டவேட்டர் வேலைக்கும் நீர் வேண்டுவதில்லை. அதன் கத்திகள் சுழலும் வேகம் டிராக்டரை முன்னே தள்ளுகிறதேயன்றிப் பின்னிழுப்பதில்லை.

கரும்பு டிரெய்லர் இழுப்போர் ஒன்றை மறத்தலாகாது. மேட்டில் ஏறும்பொழுது முன்சக்கரம் எழும்பினால், பின் டயரில் நிரப்பிய நீர் அதனைத் தடுக்காது. முன்புறம் இரும்பு எடை மாட்டுதலும், கொக்கியை உரிய தாழ்ந்த இடத்திற் பூட்டுதலுமே தக்கவை. இவை செய்யாது பின்பாரத்தை மட்டும் நம்பினால், டிராக்டர் பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுபவர் உயிரிழக்க நேரும்.

நீர் நிரப்ப, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, வால்வு உச்சியில் நிற்கும்படி திருப்புக. வால்வின் உட்பகுதியைக் கழற்றி, உயரத்திலுள்ள தொட்டியிலிருந்து குழாய் மூலம் நீர் விட்டு, இடையிடையே உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுக. வால்வு மட்டத்திற்கு நீர் வந்தவுடன் நிறுத்துக. அதுவே முக்காற் பாகம். எஞ்சிய இடத்திற் காற்று இருந்தாலன்றி டயர் மேடுபள்ளத்திற்கு இளகிக் கொடாது. இரு டயர்களிலும் ஒரே அளவு இருத்தல் வேண்டும். குளிர் தேசங்களில் நீர் உறையாதிருக்கக் கால்சியம் குளோரைடு உப்பைக் கலப்பர். அது ரிம்மை அரிக்கும். நமது சமவெளியில் நீர் உறைவதில்லையாதலால் அவ்வுப்புக்கு வேலையில்லை. ட்யூப் இல்லாத டயராயின் கடலோரத்து உவர் நீரையும் தவிர்க்க.

பின்னர்க் காற்றை அளக்கும்பொழுதெல்லாம் வால்வு மேலே இருத்தல் வேண்டும். தொளிப் பருவம் வருமுன், சக்கரத்தைத் தூக்கி வால்வைக் கீழே கொண்டுவந்து திறந்துவிட்டால் நீரிற் பெரும்பகுதி வடிந்துவிடும், அரைநாள் வேலையே.