வெளிநாட்டுப் பார்சல்: அனுபவப் பாடம்

இணையத்தில் விற்ற ரசப்பொடியை மலேசியாவுக்குத் தபாலில் அனுப்பினேன். வரி குறையுமென்று சுங்கப் படிவத்தில் 'அன்பளிப்பு' என எழுதிவிட்டேன். உள்ளேயோ விற்பனைப் பில்! சுங்கத்தில் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தபால் கூலி நஷ்டம், வாடிக்கையாளரும் போனார்.

ஆகவே கவனிக்கவும்:

1. முதலில் ரூ.500 கட்டி, ஐ.இ.சி. எனும் ஏற்றுமதி எண் பெறவும்.

2. விற்ற சரக்கை விற்பனை என்றே எழுதவும். 'மளிகை' என்று பொதுவாக எழுதாமல் பொருளின் பெயர், நிகர எடை, மதிப்பு மூன்றும் குறிக்கவும். பில்லும் படிவமும் ஒத்திருக்க வேண்டும்.

3. 2022-ல் தொடங்கிய அஞ்சலக ஏற்றுமதி மையங்கள் மூலம் ஏற்றுமதிப் பில்லைப் பதியலாம்.

4. அந்நாட்டில் அச்சரக்குக்கு அனுமதி உண்டா, வரி யார் பொறுப்பு என்பதை விலை பேசும்போதே முடிவு செய்யவும். அமெரிக்கா 800 டாலர் வரையிலான வரிச்சலுகையை 29.8.2025 முதல் நிறுத்தியது நினைவிருக்கட்டும்.

எழுத்தில் நேர்மை, சரக்குக்குக் காவல்.