விண்டோஸ் மாற்றம்: யார் தீர்மானிப்பது?

விழிப்புலனற்றவர் கணினியைக் காதால்தான் பயன்படுத்துகிறார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மௌனித்தால் அவருடைய வேலையும் நின்றுவிடும். ஆகவே கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான விண்டோஸை மாற்றுமுன் நாம் நன்கு சிந்திக்க வேண்டும்.

பழையதிலேயே இருப்பதும் நல்லதல்ல. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவடைந்தது.

புதிய நெல்லினத்தை முதலில் சிறு துண்டில் விதைத்துப் பார்ப்போம் அல்லவா? இங்கும் அப்படியே. விண்டோஸ் 11 உள்ள வேறொரு கணினியில் அவரே திரைவாசிப்பானையும் தமிழ்க் குரலையும் சோதிக்கட்டும். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ அதிலும் பேசும். கோப்புகளைப் பிரதியெடுத்து வைப்போம். மாறிய பின் ஒத்துவராவிட்டால், வழமையாக 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம்.

கண் தெரிந்தவர்கள் என்பதற்காக நாமே பொத்தானை அழுத்திவிடக் கூடாது. காதால் வேலை செய்பவரே தீர்மானிக்கட்டும். நாம் துணை நிற்போம்.