கட்டடம் கொண்டோவாகும்போது

அன்புள்ள மருமகளுக்கு,

உங்கள் ஸ்காபரோ கட்டடத்தைக் கொண்டோவாக, அதாவது வீடுகளைத் தனித்தனியாக விற்கக்கூடியதாக, மாற்றப்போவதாக லொபியில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது என்றும், அன்றிரவே உன் அம்மா, என் அக்கா, வேறு வீடு தேடத் தொடங்கிவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். தேடவேண்டாம் என்று முதலில் அவரிடம் சொல். ஒன்ராறியோவில் கட்டடம் கொண்டோவாகப் பதிவாகிறது என்பதற்காக யாரும் வீட்டை விட்டு எழும்பத் தேவையில்லை.

மாற்றம் இன்னும் நடக்கவும் இல்லை. ரொறொன்ரோவில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் உள்ள கட்டடத்தை மாற்ற நகரசபையின் அனுமதி வேண்டும். வாடகை வீடுகளுக்குத் தட்டுப்பாடு இருக்கும்வரை அந்த அனுமதி இலேசில் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது என்பதே என் எண்ணம். தனித்தனியாக விற்றுப்போன வீடுகள் திரும்ப வாடகைக்கு வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதைப் பற்றி நகரசபை கூட்டம் வைத்தால் அயலவர்களையும் கூட்டிக்கொண்டு போ.

சரி, அனுமதி கிடைத்துப் பதிவும் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள். பெரிய வாடகைக் கட்டடம் ஒன்றை விற்கும்போது, வாங்குபவர் குடிவரப்போகிறார் என்று சொல்லி வீட்டுக்காரர் உங்களை எழுப்ப முடியாது. ஆனால் ஒவ்வொரு வீடும் தனிக் கொண்டோவானதும், அதை வாங்குபவருக்கு அந்த வழி திறக்கிறது. அதற்கான நோட்டீஸ்தான் என்-12 படிவம். அதில் குறைந்தது 60 நாள் அவகாசம் கொடுக்கவேண்டும். இந்த ஆபத்தை முன்கூட்டியே யோசித்துத்தான் 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தில் 51ஆம் பிரிவை வைத்திருக்கிறார்கள். பதிவான நாளில் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவருக்கு, சொந்தப் பாவனைக்கு வேண்டும் என்று பழைய வீட்டுக்காரரோ புதிதாக வாங்கியவரோ நோட்டீஸ் கொடுக்க முடியாது. இதற்குக் கால எல்லையும் இல்லை. வாடகை பாக்கி போன்ற மற்றக் காரணங்கள் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே வாடகையைப் பிந்தவிடாதீர்கள்.

இந்தப் பாதுகாப்பு பதிவான நாளில் வாடகைக்கு இருந்த ஆளுக்கு உரியது. பிறகு குடிவருபவருக்கு இது இல்லை. அதனால் ஒப்பந்தத்தில் யார் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார். பெற்றோரோடு எத்தனை வருடம் இருந்தாலும் வளர்ந்த பிள்ளை தானாக வாடகையாளர் ஆகிவிடுவதில்லை. உன் பெயரையும் சேர்க்கும்படி வீட்டுக்காரரிடம் இப்போதே எழுத்தில் கேள். மறுக்கலாம், ஆனாலும் கேள். திருத்திய வீடு ஒன்று மேல்மாடியில் இருக்கிறது, அதற்கு மாறுங்கள் என்று அவர் சொன்னால், பாதுகாப்பு பதிவான நாளில் இருந்த வீட்டைப் பொறுத்தது என்பதால், சட்டம் தெரிந்தவரைக் கேட்காமல் மாறவேண்டாம்.

நான் மிகவும் அஞ்சுவது என்-11 படிவத்துக்கு. கட்டட அலுவலகத்திலிருந்து ஒருவர் கதவைத் தட்டுவார். கையில் காசோலையும் அந்தப் படிவமும் இருக்கும். வீட்டுக்காரரும் நீங்களும் சம்மதித்து, இன்ன திகதியில் வாடகையை முடித்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் சாரம். அதில் கையெழுத்து விழுந்தால், வீட்டுக்காரர் விசாரணையே இல்லாமல், வாடகைப் பிணக்குகளைத் தீர்க்கும் மாகாண வாடகைச் சபையிடம் வெளியேற்ற உத்தரவு கேட்கலாம். இத்தனை காலச் சட்டப் பாதுகாப்பும் அந்த ஒரு கையெழுத்தோடு போய்விடும். அக்கா மரியாதைக்காகக் கையெழுத்து வைக்கக்கூடியவர். கதவைத் திறப்பது நீயாக இரு.

வாடகையும் பாய்ந்து ஏறாது. 2018 நவம்பர் 15க்கு முன்பே ஆட்கள் குடியிருந்த வீடு என்பதால், மாகாணம் வருடாவருடம் அறிவிக்கும் வரம்பு கொண்டோவான பிறகும் பொருந்தும். 2025இல் அது 2.5 சதவீதம். ஏற்றுவதானால் 90 நாளுக்கு முன் எழுத்தில் சொல்லவேண்டும்.

வீட்டை வாங்க ஒருவர் விலை பேசினால், அதே விலைக்கு, அதே நிபந்தனைகளில் வாங்கும் முதல் உரிமை பெரும்பாலும் உங்களுக்கு உண்டு. அந்த விலையை ஏற்பதற்குக் குறைந்தது 72 மணிநேரம் முன்பு வீட்டுக்காரர் உங்களுக்கு அறிவிக்கவேண்டும். மூன்று நாளில் வங்கிக் கடன் சரிவராது, எனவே வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே வங்கியில் பேசு. வாங்காவிட்டாலும் நீங்கள் இருக்கலாம்.

ஒப்பந்தத்தையும் வாடகை கட்டிய பற்றுச்சீட்டுகளையும் ஒரு கோப்பில் சேர்த்து வை. எந்தப் படிவம் வந்தாலும், கையெழுத்துக்கு முன் உங்கள் பகுதி இலவசச் சட்ட உதவி நிலையத்துக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
மாமா