பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் பக்கத்து ஊர்களில் ஒரு குடும்பம் முறிந்தால் விஷயம் கோர்ட்டுக்குப் போவதற்கு முன் பஞ்சாயத்துக்குப் போகும். இரு வீட்டிலிருந்தும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு பலிக்காவிட்டால் ஒரு பத்திரத்தை வாங்கி, "இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கி, தீர்த்துவிட்டதாகக் கலைந்துவிடுவார்கள். இந்த வழிகாட்டியின் முதல் படி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல் இருப்பதுதான். இந்துத் திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு வழக்கப்படியான மணமுறிவை ஏற்கிறது என்பது உண்மையே. ஆனால் தங்கள் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்பதை, அதைச் சொல்பவர்தான் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். சுப்பிரமணி – சந்திரலேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. நிரூபிக்க முடியாவிட்டால் கல்யாணம் அப்படியே நிற்கும். அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தவர்மேல் இருதார வழக்கு வரலாம். 7 ஆண்டு வரை சிறை.

இதைவிட மோசமான சேதம் அந்த "மனமொத்து" என்ற சொல்லுக்குள் இருக்கிறது. ஜீவனாம்சம் தரும் சட்டப்பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, 2024 ஜூலை முதல் அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் 144) கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தில் தனித்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது. ஆக, கல்யாணத்தை முறிக்கத் திராணியில்லாத அதே தாள், ஜீவனாம்சத்தை மறுக்க எதிர்த்தரப்புக்கு வாதமாகிவிடுகிறது. கோர்ட்டில் பரஸ்பர சம்மதத்தில் முறையாக விவாகரத்து பெற்றவளுக்கோ, அந்தத் தீர்ப்பு மட்டுமே ஜீவனாம்சத்துக்குத் தடையாகாது என்று 1995-ல் வனமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. செலவில்லை, சீக்கிரம் முடியும் என்பதுதான் பஞ்சாயத்துக்குச் சொல்லப்படும் நியாயம். அந்த இரண்டும் வேண்டுமானால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே விவாகரத்து தர மாட்டார்கள்; ஆனால் ஜீவனாம்சம், நகை, பிள்ளைகளைப் பார்ப்பது பற்றிப் பேசி முடித்தால் அது சிவில் கோர்ட்டு தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. பெரியவர்கள் கூடவே வரட்டும். எழுத்து மட்டும் அங்கே நடக்கட்டும்.

இரண்டாவது படி, வக்கீல். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. வறுமைக் கோட்டுக்கு மேலுள்ளோருக்கான மஞ்சள் ரேஷன் கார்டு வைத்திருப்பவரும் கேட்கலாம். ஆண்களில் பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு; மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம், அல்லது புதுச்சேரி கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணையத்தைக் கேட்டுப் போகலாம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் பதிந்துகொள்வார்கள்.

இலவச வக்கீல் ஏனோதானோ என்றுதான் நடத்துவார் என்ற பேச்சு ஊரில் உண்டு. அதை முழுக்கப் பொய் என்று தள்ள முடியாது. ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இவர்களும் அதே கோர்ட்டில் கட்சிக்காரரிடம் ஃபீஸ் வாங்கி வாதாடுகிறவர்கள்தான். சட்ட உதவி வழக்கில் அவர்களுக்கு ஆணையம் பணம் தருகிறது. உங்களிடம் பணம் கேட்டால் ஆணையத்திலேயே புகார் சொல்லலாம், வேறு வக்கீலும் கேட்கலாம். அதோடு ஜீவனாம்ச வழக்கில் பேச்சுத் திறமையைவிடக் கணக்கு முக்கியம். 2020-ல் வந்த ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் சத்தியப் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தொகையும் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்படும்.

அதனால் மூன்றாவது படி காகிதம் சேர்ப்பது. கொம்யூன் பஞ்சாயத்தில் கல்யாணம் பதிவாகியிருந்தால் அந்தச் சான்று. இல்லையென்றால் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, கோயில் ரசீது. ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஸ்கூல் ஃபீஸ் ரசீது, நகைக்கடை பில், சீர்வரிசைப் பட்டியல். கணவர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார் என்றால் கம்பெனி பெயர், சம்பளம் வரும் வங்கி, அவர் பெயரில் ஓடும் வண்டியின் நம்பர். நிலம் இருந்தால் சர்வே எண். "எனக்கு வருமானமே இல்லை" என்ற பதிலை உடைப்பவை இவைதான். வாட்ஸ்அப் செய்திகளைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள்.

நான்காவது படியில்தான் பலர் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். முதல் நாளே விவாகரத்து மனு. அடி, துரத்தல் இருந்தால் முதலில் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் மூலமோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உத்தரவு கேட்கலாம். அவசரத்துக்கு 181. அடுத்து ஜீவனாம்சம். விவாகரத்து கடைசி. காரணம், முதல் இரண்டும் மதம் பார்ப்பதில்லை, விவாகரத்து பார்க்கும். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் வேறு வேறு சட்டம். 1881 பிரெஞ்சு அரசாணைப்படி இந்துச் சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்துத் திருமணச் சட்டமே பொருந்தாது; பாட்டனார் காலத்துச் சிவில் பதிவேட்டைப் புரட்டிய பிறகுதான் எந்தச் சட்டம் என்றே தெரியவரும். அந்தத் தேடல் முடியும்வரை அடுப்பு எரிய வேண்டுமே.

எல்லைக் குழப்பமும் இங்கே அதிகம். பாகூரைச் சுற்றி ஒரு வாய்க்காலைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். பெண் தான் இப்போது இருக்கும் இடத்திலேயே இந்த மனுக்களைப் போடலாம். கடலூர்ப் பக்கத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டவள் தேதிதோறும் புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. கணவர் பிரான்சில் இருந்து அங்கிருந்து கோர்ட்டு நோட்டீஸ் வந்தால் பீரோவில் வைத்துப் பூட்டாமல் அன்றே வக்கீலிடம் காட்ட வேண்டும். வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போது இங்கே செல்லாது என்பதை 1991-ல் நரசிம்ம ராவ் வழக்கு வகுத்திருக்கிறது. ஆனால் நீங்கள் அங்கே என்ன பதில் கொடுத்தீர்கள் என்பதையும் பொறுத்தது அது.

கேஸ் போட்டால் சேர்ந்து வாழும் வாய்ப்பே போய்விடும் என்பார்கள். குடும்ப நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று 1984-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சேர்ந்துவிட்டால் மனுவை வாபஸ் வாங்கலாம். சேர முடியாது என்று ஆனபின், இந்துத் திருமணச் சட்டப்படி ஓராண்டு பிரிந்திருந்தால் பரஸ்பர சம்மத மனு. இரண்டாம் கட்டத்துக்கு ஆறு மாத இடைவெளி உண்டு; தகுந்த வழக்கில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேசிய தொகை உங்கள் கணக்கில் ஏறாமல் இரண்டாம் கட்டத்தில் சம்மதம் சொல்லாதீர்கள். தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெற உரிமை உண்டு. ஜீவனாம்ச உத்தரவு வந்தும் பணம் வரவில்லை என்றால் வாரண்டு கேட்கலாம், ஆனால் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது பாக்கியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டாக வேண்டும். "அடுத்த மாசம் சேர்த்துத் தரேன்" என்ற பேச்சை நம்பி அந்த ஓராண்டைத் தாண்டவிட வேண்டாம்.