வேடந்தாங்கலா, கரிக்கிலியா, வயல்வெளியா?

மார்கழி, தை மாதங்களில் மதுராந்தகம் பக்கம் பறவை பார்க்கப் போகிறவர்களில் பலர் வேடந்தாங்கலோடு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளிக் கரிக்கிலி இருக்கிறது, சுற்றிலும் நெல்வயல்கள். மூன்றிலும் காணக் கிடைப்பது வேறுவேறு.

வேடந்தாங்கல்: கூடு பார்க்க

சுமார் 30 ஹெக்டேர் ஏரி. நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் நெருக்கியடித்துக் கூடு கட்டும். இவற்றை வெளிநாட்டு விருந்தாளிகள் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் நம் நாட்டிலேயே இடம் மாறி வாழ்கிறவை. கரையில் நடைபாதையும் பார்வைக் கோபுரமும் உண்டு. குழந்தைகள், பெரியவர்களோடு போக இதுவே வசதி. இருநோக்கி இல்லாவிட்டாலும் ஏமாற்றம் இருக்காது. விடுமுறை நாள் கூட்டம்தான் தொல்லை.

கரிக்கிலி: வாத்து பார்க்க

1989-ல் சரணாலயமானது. பரப்பு வேடந்தாங்கலைப்போல இரு மடங்கு, கூட்டம் குறைவு. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி போன்றவை இமயத்துக்கு அப்பாலிருந்து வருகிறவை. இங்கே அவை கூடு கட்டுவதில்லை. பகலில் திறந்த நீர்ப்பரப்பில் ஓய்வெடுத்துவிட்டு, பெரும்பாலும் இருட்டிய பிறகே இரை தேடப் போகும். தொலைவில் மிதப்பதால் 8x42 இருநோக்கியாவது வேண்டும். முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி இருந்தால் இன்னும் நல்லது. கடைகளை நம்பாமல் தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள்.

வயல்வெளி: பழக்கம் பார்க்க

இங்கே நுழைவுச்சீட்டு இல்லை, உத்தரவாதமும் இல்லை. வயல் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ற பறவைதான் வரும். உழுது நீர் கட்டிய வயலில் உள்ளானும், டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும். கதிர் முற்றினால் சில்லைக் கூட்டம். மேலே தாழப் பறந்து துழாவும் சேற்றுப் பூனைப்பருந்து. மின்கம்பியில் பனங்காடை, கரிச்சான், குளிர்கால வரவான தகைவிலான்.

ஏரியில் கூடு கட்டிய நத்தைகுத்தி நாரை நத்தை பொறுக்குவதும் இந்தச் சேற்றில்தான். ஏரி அதற்கு வீடென்றால் வயல் அடுப்படி. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்கு உரம். இந்தக் கணக்கு தெரிந்த ஊரார் 1798-லேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் பறவைகளுக்குக் காப்பு வாங்கினார்கள்.

எப்போது, எந்த வரிசையில்?

வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் ஏரியில் நீரும் இருக்காது, கூடும் இருக்காது, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கூடும் குஞ்சும் வாத்தும் ஒருசேரக் கிடைப்பது ஜனவரி, பிப்ரவரியில். மார்ச்சில் வாத்துகள் கிளம்பத் தொடங்கிவிடும்.

முழு நாள் இருந்தால் விடியலில் கரிக்கிலி, வெயில் ஏறும் முன் வயல், நான்கு மணிக்கு மேல் வேடந்தாங்கல். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. அரை நாள்தான் என்றால், முதல்முறை வருகிறவர்களுக்கு வேடந்தாங்கல் மாலை போதும். ஏற்கெனவே பார்த்தவர்கள் காலைப் பொழுதை வயலுக்குக் கொடுக்கலாம். சாலையோரமாகவே நில்லுங்கள், வரப்பில் இறங்குவதானால் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எந்த வயலில் நேற்று என்ன இறங்கியது என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.