ஐந்தாம் சீலமும் நல்லார் கூட்டமும்

பௌர்ணமிதோறும் நாம் ஒன்றுகூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்கின்றோம். முதல் நான்கு சீலங்களையும் உரத்துச் சொல்லும் அன்பர் ஒருவர், ஐந்தாவதற்கு வந்ததும் வாய்மூடித் தலைகவிழ்ந்து நிற்பதுண்டு. அடுத்த பௌர்ணமிக்கு அவர் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று நாமும் கேட்பதில்லை. இப்பாடம் அவரைக் குறித்தது. கேளாதிருந்த நம்மையும் குறித்தது.

கள், சாராயம் முதலியன ‘பமாதம்’ என்னும் விழிப்பின்மைக்கு இருப்பிடமாதலால் ஐந்தாம் சீலம் அவற்றை விலக்குகின்றது. குடியால் விளையும் கேடுகள் ஆறு எனப் பகவான் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு எடுத்துரைத்தார். பொருளழிவு, பூசல், பிணி, பழி, நாணமிழத்தல், அறிவு மழுங்கல் என்பன அவை. குடியில் அகப்பட்டவர் இவற்றை நம்மினும் நன்கறிவர். அறிந்தும் விட இயலாமையே அவருடைய துக்கம். ஆதலின் அவருக்கு வேண்டுவது மற்றுமோர் உபதேசம் அன்று, துணையே.

எத்தகைய துணை? மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதை இதற்கு விடை தருகின்றது. சாதுவன் சூதிலும் கணிகையிடத்தும் பொருளெல்லாம் இழந்தவன். வாணிகம் செய்யக் கலமேறியவன், கலம் உடைந்து நாகர் மலையைச் சேர்ந்தான். தன்னைக் கொல்ல வந்தோரிடம் அவர்தம் மொழியிலேயே பேசியதால் உயிர் பிழைத்தான். நாகர் தலைவன் கள்ளும் ஊனும் அளித்து உபசரிக்க, அவற்றை மறுத்து அறம் உரைத்தான். தலைவனும் தன்னால் இயன்ற அறத்தைக் கேட்டு ஏற்றான். இங்கே நாம் கருத வேண்டுவன இரண்டு: சாதுவன் தானும் விழுந்து எழுந்தவன், கேட்பவரின் மொழியை அறிந்தவன்.

இவ்விரண்டையுமே அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவு ஒன்று 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அக்ரான் நகரில் தோன்றிற்று. பங்கு வணிகத் துறையைச் சேர்ந்த ஒருவரும் மருத்துவர் ஒருவரும், இருவருமே குடியால் நலிந்தவர்கள், ஒருவரோடொருவர் மனந்திறந்து பேசுவதே தம்மைக் காப்பதாகக் கண்டனர். அதுவே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏ.ஏ. இந்தியாவில் இது 1957இல் தொடங்கிற்று. நம் பெங்களூரிலும் இதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

இக்கூட்டங்களில் கட்டணம் யாதும் இல்லை. செலவுக்கு விரும்பியோர் விரும்பியதை இடலாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. சாதியோ சமயமோ தொழிலோ வினவப்படுவதில்லை. முழுப்பெயரும் சொல்ல வேண்டுவதில்லை. ஒருவர் தம் கதையைச் சொல்ல, ஏனையோர் குறுக்கிடாது கேட்பர். பேச விரும்பாதவர் வாளா அமர்ந்திருக்கலாம். ‘இன்று ஒருநாள் குடியேன்’ என்பதே அவர்தம் நோன்பு. திறந்த கூட்டத்திற்கு நண்பரும் உறவினரும் செல்லலாம். மூடிய கூட்டம் குடியினின்று மீள விரும்புவோர்க்கு மட்டுமே உரியது.

கூட்டம் நடக்கும் இடத்தை அறிவது அரிதன்று. ஏ.ஏ.யின் உதவித் தொலைபேசியிலோ இணையதளத்திலோ தாம் வாழும் பகுதியைச் சொல்லி, நாள், நேரம், மொழி, திறந்ததா மூடியதா என்பவற்றைக் கேட்டறியலாம். தமிழில் பேசும் கூட்டம் வேண்டுமெனில் அதனை முன்னரே கேட்டல் நன்று. முதற்கூட்டம் மனத்திற்கு ஒவ்வாவிடின் வேறொன்றிற்குச் செல்க.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் நேர்ந்து உயிருக்கே இடர் உண்டாகலாம். அத்தகையோர் முதலில் மருத்துவரை நாட வேண்டும். ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸில் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. மருத்துவமும் கூட்டமும் ஒன்றற்கொன்று பகையல்ல.

“அவர்களுடைய பன்னிரு படிகளில் கடவுள் என்னும் சொல் வருகின்றதே, பௌத்தர் அங்குச் செல்லலாமா?” என்று சிலர் ஐயுறுவர். அச்சொல்லை அவரவர் தாம் உணர்ந்தவாறு கொள்ளலாம் என்பது அப்படிகளிலேயே கூறப்பட்டுள்ளது. நாம் அவ்விடத்துத் தம்மத்தையும் நல்லோர் கூட்டத்தையும் கொள்ளலாம். மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் நடப்பினும் ஏ.ஏ. எச்சமயத்தையும் சார்ந்ததன்று. உபோசத நாளில் பிக்குகள் தம் பிழையை மறையாது வெளியிடும் மரபை அறிந்த நமக்கு, குற்றத்தை ஒளியாது உரைக்கும் அவையொன்று புதுமையும் அன்று. பௌத்த நெறியையே வழியாகக் கொண்ட ‘ரிக்கவரி தர்மா’ என்னும் அமைப்பும் 2019இல் தோன்றியுள்ளது. அதன் கூட்டங்கள் இணையவழியிலும் நடைபெறுகின்றன.

குடிப்பவர் ஒருவரெனினும் துன்புறுவது குடும்பம் முழுதுமாம். மனைவி மக்களுக்கென ‘அல்-அனான்’ என்னும் தனிக் கூட்டுறவு 1951 முதல் உள்ளது. குடிப்பவர் வர மறுப்பினும் வீட்டார் தாமே அங்குச் செல்லலாம்.

நல்ல நட்பு புனித வாழ்வின் பாதி என ஆனந்தர் கூற, பாதியன்று, முழுமையும் அதுவே எனப் பகவான் திருத்தினார். ஆகவே, அன்பர்காள், வாராத அந்தச் சகோதரர் இல்லத்திற்கு இவ்வாரமே செல்வோம். அறிவுரை வேண்டா, திறந்த கூட்டம் ஒன்றிற்கு உடன்வருவதாக மட்டும் சொல்வோம். அவர் மீண்டும் தவறினால்? சீலத்திற்குச் ‘சிக்காபதம்’ என்பது பெயர். பயிற்சிப்படி என்பது அதன் பொருள். ஒருமுறை உடைந்தால் எறிந்துவிடும் மட்கலம் அன்று அது. அடுத்த பௌர்ணமியில் அவர் ஐந்தாம் சீலத்தை மீண்டும் ஏற்கலாம். அப்போது அவர் அருகில் நாம் நிற்போமாக.