பசி வேறு, வேட்கை வேறு

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

முன்னுரை

"பசி ருசி அறியாது" என்பது நம் முன்னோர் மொழி. பசித்தவனுக்குப் பழைய சோறும் அமிழ்தம். ஆனால் வயிறு நிறைந்திருக்கும் வேளையிலும் ஏதோ ஒரு பண்டத்தின்மேல் மட்டும் மனம் சென்று ஒட்டிக்கொள்வதை நாம் எல்லோரும் அறிவோம். அப்போது ருசி ஒன்றுதான் தெரிகிறது. பசி இருக்கிறதா, இல்லையா என்பதுகூடத் தெரிவதில்லை. இந்த நிலையைத்தான் இக்கட்டுரையில் உணவு வேட்கை என்று குறிப்பிடுகிறேன்.

நம்மில் பலர் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், கூடுவாஞ்சேரி போன்ற ஊர்களிலிருந்து அன்றாடம் வந்து போகிறவர்கள். 1931-ஆம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருக்கும் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலே நமக்கு ஊர்தி. காலையில் அவசரமாக ஒரு வாய் காப்பியோடு வண்டி ஏறுகிறோம். மாலையில் இறங்கும்போது நிலையத்தின் வாசலிலேயே பஜ்ஜிச் சட்டி கொதிக்கிறது. வெங்காயச் சமோசாவின் மணம் மேம்பாலப் படிவரை வந்து அழைக்கிறது. கையில் இருக்கும் இருபது ரூபாய் எங்கே போகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வேட்கை ஏன் எழுகிறது? இது நாவின் குற்றமா, மனத்தின் குற்றமா, அன்றி உடல் காட்டும் ஓர் அறிகுறியா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழர் கண்ட வேட்கை

வேட்கை என்பது இன்று நேற்றுத் தோன்றியதன்று. கருவுற்ற பெண்டிர்க்கு எழும் உணவு ஆசையை 'வயா' என்றும், 'மசக்கை' என்றும் தமிழ் வழங்குகிறது. வயா என்னும் சொல் ஆசையின் பெருக்கத்தைக் குறிக்கும் என்று தொல்காப்பியத்தின் உரியியல் பொருள் சொல்கிறது. புறநானூற்றின் 20-ஆம் பாட்டில், யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேரனைக் குறுங்கோழியூர் கிழார் பாடுகிறார். அம்மன்னனுடைய நாட்டு மண்ணை மசக்கையுற்ற மகளிர் விரும்பி உண்பார்களே தவிர, பகைவர் எவரும் கொள்ள முடியாது என்பது அவர் சொல்லும் புகழ்ச்சி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்ப் பெண்கள் மண் தின்றார்கள் என்பதற்கும், அது புலவர் எடுத்துப் பேசும் அளவுக்கு எல்லோரும் அறிந்த செய்தியாக இருந்தது என்பதற்கும் இப்பாட்டே சான்று.

மணிமேகலையில் வரும் காயசண்டிகையின் யானைத்தீ இதனின் வேறானது. எவ்வளவு உண்டாலும் அடங்காத பெரும்பசி அது. வேட்கையோ எல்லா உணவையும் கேட்பதில்லை, ஒன்றையே கேட்கும்.

சித்த மருத்துவமும் இவ்வேறுபாட்டுக்கு ஒரு திறவுகோல் தருகிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை ரயிலில் போகும் நாம் நன்கு அறிவோம். சித்தர்கள் உடலின் இயல்பான வேகங்கள் 14 என்று வகுத்தனர். தும்மல், கொட்டாவி, தூக்கம், தாகம் ஆகியவற்றோடு பசியும் அவற்றுள் ஒன்று. இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே பசியை அடக்குதல் ஒழுக்கமன்று. அது உடலுக்குச் செய்யும் தீங்கு. இந்த உண்மையை மனத்தில் கொண்டே மேலே செல்ல வேண்டும்.

அறிவியல் கூறும் காரணங்கள்

முதற்காரணம் வெறும் வயிறு. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் ஹார்மோனை 1999-இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். உணவு வேளை நெருங்க நெருங்க இது இரத்தத்தில் மிகுந்து, மூளைக்குப் பசியை அறிவிக்கிறது. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் இதற்கு எதிராக, 'போதும்' என்று கூறுகிறது. இது 1994-இல் கண்டறியப்பட்டது. காலை உணவைத் தவிர்த்தவனுக்கு மாலையில் எழுவது பெரும்பாலும் வேட்கை வேடம் பூண்ட பசியே.

இரண்டாவது காரணம் தூக்கக் குறைவு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கவிட்டுச் சோதித்தனர். 2004-இல் வெளியான அதன் முடிவு வியப்பானது. நீண்ட நேரம் உறங்கிய இரவுகளோடு ஒப்பிட, அவர்களிடம் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தும், கிரெலின் 28 விழுக்காடு கூடியும் இருந்தது. இனிப்பும் உப்பும் மிகுந்த பண்டங்களின்மேல் அவர்களுக்கு நாட்டம் மிகுந்தது. தேர்வுக் காலத்தில் இரவு விழித்துப் படிக்கும் நமக்கு முறுக்கும் மிக்சரும் ஏன் அவ்வளவு தேவைப்படுகின்றன என்பதற்கு இது விடையாகும்.

மூன்றாவது காரணம் பழக்கம். மணியோசையோடு உணவைச் சேர்த்துப் பழக்கினால், பிறகு ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்னும் பாவ்லோவின் ஆய்வை முதலாண்டிலேயே படித்தோம். நமக்கு மணியோசைக்குப் பதில் மாலை ஐந்து மணியும், நிலையத்தின் படியும், எண்ணெயின் வாசனையும். அங்கே தினமும் உண்டு பழகியவனுக்கு அப்படியில் கால் வைத்ததும் வாய் ஊறுகிறது. அதே மனிதன் அதே நேரத்தில் நூலகத்தில் இருந்தால் பஜ்ஜியை நினைப்பதில்லை!

நான்காவது காரணம் மூளையின் அமைப்பில் உள்ளது. ஒன்றை விரும்பித் தேடுவதும், அதைச் சுவைத்து மகிழ்வதும் ஒன்றென்றே நாம் கருதுகிறோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இவை இரண்டும் வேறு என்று காட்டினார். மூளையில் டோபமைன் என்னும் பொருளை இழந்த எலிகள் எதிரே உணவு இருந்தும் அதைத் தேடிப் போகவில்லை. ஆனால் நாக்கில் சர்க்கரை நீரை விட்டபோது, ஏனைய எலிகளைப் போலவே சுவைத்து மகிழும் முகக்குறி காட்டின. தேடும் ஆசைக்கு ஒரு வழி. சுவைக்கும் இன்பத்துக்கு வேறொரு வழி. பெரிதும் ஆசைப்பட்டு வாங்கிய பண்டம் இரண்டாவது கடியிலேயே சலித்துப்போவதை இதனால் விளங்கிக்கொள்ளலாம்.

ஐந்தாவது காரணம் தடை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944, 1945-ஆம் ஆண்டுகளில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். தாமாக முன்வந்த 36 இளைஞர்கள் ஆறு மாத காலம் அரைவயிறு உண்டனர். நாளடைவில் அவர்களுடைய பேச்சும் கனவும் உணவைப் பற்றியே ஆயின. சமையலில் ஒருபோதும் நாட்டமில்லாதவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தனர். உடல் இளைக்க வேண்டும் என்று இரவுச் சோற்றை முற்றும் நிறுத்தும் தோழியர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பட்டினி வேட்கையைக் கொல்வதில்லை, வளர்க்கிறது.

பச்சரிசியும் பலப்பமும்

இனி, இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய பகுதிக்கு வருகிறேன். உணவல்லாத பொருள்மேல் எழும் வேட்கை பற்றியது அது. மண், சாம்பல், சுவர்ச் சுண்ணாம்பு, பலப்பம், பனிக்கட்டி, சமைக்காத அரிசி ஆகியவற்றைச் சிலர் நாள்தோறும் தின்கிறார்கள். மருத்துவர்கள் இதைப் பைக்கா என்பர். பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று நம் வீடுகளில் பெண்பிள்ளைகளைக் கேலி செய்வது வழக்கம். அக்கேலியால் நேரும் தீமை என்னவென்றால், தின்கிறவள் நிறுத்துவதில்லை. மறைத்துத் தின்னத் தொடங்குகிறாள்.

எனக்கு நன்கு தெரிந்த மாணவி ஒருத்தி பேனாப் பெட்டியில் பலப்பம் வைத்திருந்தாள். எழுதுவதற்கென்றே நாங்கள் நினைத்திருந்தோம். மேம்பாலப் படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். வகுப்பில் கண் சொருகும். சோம்பேறி என்று பெயரும் வாங்கினாள். ஒருநாள் படியிலேயே அமர்ந்துவிட்டபோது அவள் அம்மா அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. பெண்களுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். "ஏம்மா, பச்சரிசி, பலப்பம் ஏதாவது சாப்பிடுகிறாயா?" என்று மருத்துவர் கேட்டதும் அவள் அழுதுவிட்டாளாம். அதுவரை யாரும் அவளைத் திட்டாமல் அப்படிக் கேட்டதில்லை. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் பலப்பத்தின்மேல் இருந்த ஆசை தானே விலகியது. "இப்போது அதைப் பார்த்தால் சுண்ணாம்பாகத்தான் தெரிகிறது" என்று அவளே என்னிடம் கூறினாள்.

இரும்புச்சத்துக் குறைவுக்கும் இவ்வகை வேட்கைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆனால் உடல் தனக்கு வேண்டிய இரும்பைத்தான் மண்ணில் தேடுகிறது என்று எண்ணுவது பொருந்தாது. பனிக்கட்டியில் இரும்பே இல்லை. எனினும் இரத்தசோகை உள்ளவர்கள் அதை விரும்பிக் கடிக்கிறார்கள். களிமண்ணோ, உணவில் உள்ள இரும்பையும் குடல் ஏற்கவிடாமல் தடுக்கக்கூடியது. மண்ணோடு புழுக்களின் முட்டையும், பழைய சுவர் வண்ணத்தோடு ஈயமும் உள்ளே செல்லும். ஆகவே இவ்வேட்கை மருந்தன்று. நோயை அறிவிக்கும் மணி.

2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். தமிழ்நாட்டிலும் அது பாதிக்கு மேல். நம் வகுப்பில் ஒரு பெஞ்சுக்கு இருவர் என்று எண்ணிப் பார்த்தால், இது எவ்வளவு அருகில் இருக்கும் நோய் என்பது விளங்கும்.

வேட்கையை ஆளும் வழிகள்

1. முதலில் பசியை ஆற்றுக. கேழ்வரகுக் கூழோ, இரண்டு இட்டிலியோ, மோர் விட்ட பழைய சோறோ உண்டபின் வண்டி ஏறுக. மாலைக்கென்று ஒரு பிடி வேர்க்கடலையோ அவித்த சுண்டலோ பையில் இருக்கட்டும்.

2. வேட்கை எழும்போது, 'இப்போது தயிர்சாதம் கொடுத்தால் உண்பேனா?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்க. உண்பேன் என்றால் அது பசி, உடனே உண்ணலாம். வேண்டாம், பஜ்ஜிதான் வேண்டும் என்றால் அது வேட்கை.

3. சற்றுப் பொறுத்திருக்க. வேட்கை கடல் அலை போன்றது. எழும், உச்சிக்குப் போகும், தானே தாழும். அலையை எதிர்த்து நிற்பவன் விழுகிறான். அதனோடு மிதப்பவன் கரை சேர்கிறான். கால் மணி நேரம் கடத்தினால் பெரும்பாலும் அதன் வேகம் தணியும்.

4. மனக்கண்ணுக்கு வேறு வேலை கொடுக்க. வேட்கை என்பது பெரிதும் மனத்தில் தோன்றும் ஓவியம். அதன் நிறத்தையும் மணத்தையும் நாமே மேலும் மேலும் தீட்டுகிறோம். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார், கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் என்னும் விளையாட்டை மூன்று நிமிடம் ஆடியவர்களுக்கு வேட்கை தணிந்ததை 2014-இல் எடுத்துக்காட்டினர். தவளையின் இரத்த ஓட்டப் படத்தை மனத்தில் வரைந்து பார்ப்பதும் இதற்கு உதவும், தேர்வுக்கும் ஆகும்!

5. வழியை மாற்றுக. பழகிய படி அழைக்கிறதென்றால் மறுபக்கப் படியில் இறங்குக. பழக்கத்தின் கண்ணியை அறுக்க இதைவிட எளிய வழி இல்லை.

6. முற்றும் விலக்காதீர். வாரத்தில் ஒரு நாள் நண்பர்களோடு அமர்ந்து, நின்று விழுங்காமல், ஒரு பஜ்ஜியை மென்று சுவைத்து உண்பது தவறன்று. முதற்கடியில்தான் இன்பம் மிகுதி என்பதை அப்போது காணலாம்.

7. இரவில் போதுமான அளவு உறங்குக.

8. மண், பலப்பம், பச்சரிசி, பனிக்கட்டி ஆகியவற்றின்மேல் ஆசை தொடர்ந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. அரசு மருத்துவமனையில் இதற்குச் செலவில்லை. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பயறும் உணவில் இருக்கட்டும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் இரும்பு நன்கு உடலில் சேரும். சாப்பிட்ட உடனே தேநீர், காப்பி குடித்தால் சேராது. பள்ளியில் வாரந்தோறும் நமக்கு அளித்த நீல மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்தவர்கள் இனியேனும் அதன் அருமையை உணர வேண்டும். குறைவு மிகுதியாயின் உணவு மட்டும் போதாது. மருத்துவர் சொற்படி மாத்திரை வேண்டும்.

9. அளவின்றி மறைந்து உண்பதும், உண்டதை வலிந்து வாந்தி எடுப்பதும் மனம் வருந்துவதன் அடையாளங்கள். அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416-இல் பேசலாம். தீராப் பசியும் தாகமும் சேர்ந்து எடை குறைந்தால் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்.

முடிவுரை

முன்பு உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பவனுக்கு மருந்து வேண்டாம் என்பது வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வற்புறுத்தும் கருத்து. அந்த அளவை அறிவதற்கு முதலில் நம் உடலின் மொழி நமக்குத் தெரிய வேண்டும். பசி என்று சொன்னால் சோறிட வேண்டும். பழக்கம் என்று சொன்னால் பொறுத்திருக்க வேண்டும். நோய் என்று சொன்னால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இம்மூன்றையும் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் நாக்கின் அடங்காமை என்று பழிப்பது அறிவுடைமை ஆகாது.

ஆதலின் தோழர்களே, உங்கள் அருகில் அமர்ந்திருக்கும் ஒருவர் இரகசியமாகப் பச்சரிசியோ பலப்பமோ கடிப்பதைக் கண்டால் சிரிக்காதீர்கள். கல்யாணத்து மழையைப் பற்றிப் பேசாதீர்கள். "இரத்தம் சோதித்துப் பார்த்தாயா? வா, நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் மாத்திரைக்கு முன்னே வேலை செய்யும் மருந்தாகும்.